அக்காவும் சாணப் பூஞ்சையும்

அக்காவுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றிய அன்று வயிற்றுவலி எனக்கு. பெரிய அலுமினியச் சட்டியில் மஞ்சள் கரைத்து, வேப்பிலையை மிதக்கவிட்டு, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் கோடியில் ஆண்கள் வந்துபோகும் பக்கத்தைச் சேலை கட்டி மறைத்து, பலகையின் மேல் அவளை உட்கார வைத்திருந்தார்கள். தாய்மாமனின் மனைவி, எங்கள் அத்தை, முதல் செம்புத் தண்ணீரை அவள் தலையில் ஊற்றினாள். பனி விலகாத காலை நேரம். அக்கா குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டாள். பெண்கள் குலவையிட்டார்கள். நான் எங்கள் ஒற்றை அறைக் காம்பிராவுக்கு முன்னால், இஸ்தோப்புத் திண்ணையில் சாக்கை விரித்து உட்கார்ந்து, அடிவயிற்றை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு அந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவளானது நான். சடங்கு நடந்தது அவளுக்கு.

இத்தனை வருடம் கழித்து இதை எழுத வைத்தது குதிரைச் சாணத்தில் முளைக்கும் ஒரு பூஞ்சை. நுவரெலியாவில் ஓர் ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருக்கிறேன். அந்தப் பூஞ்சை எப்படிக் கிழடாகிச் சாகிறது என்று பார்த்து அளப்பதுதான் என் வேலை. சொன்னால் எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். "படிச்சுப் படிச்சு கடைசியில சாணி பொறுக்கவா போன?" என்று பெற்ற தாயே கேட்டிருக்கிறாள். சிரித்துவிட்டுப் போகட்டும். பூஞ்சையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அக்கா யாரென்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அவளைப் பற்றி எங்கள் தோட்டத்தில் சொல்லப்படுவது வேறு கதை.

என்னைவிட நான்கு வயது மூத்தவள். சின்ன வயதில் நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த காது, பத்து வயதுக்குமேல் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டு வந்தது. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். திமிர் என்று நினைத்து வகுப்பில் அடித்தார்கள். திமிர் இல்லை, செவிடு என்று ஊருக்குப் புரிந்தபோது அவள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றிருந்தாள். அதன்பிறகு காதருகே வந்து கத்தினால்தான் ஏதாவது விழும். என் உதட்டையும் அம்மா உதட்டையும் மட்டும் நன்றாகப் படிப்பாள். தன் குரல் தனக்கே கேட்காததால் எதையும் உரக்கத்தான் பேசுவாள். அடுப்பில் உப்புப் போட்டாயிற்றா என்று அவள் கேட்டால் பத்துக் காம்பிராவுக்கும் கேட்கும். அதனால் எங்கள் இருவருக்கும் ரகசியம் என்று ஏதாவது இருந்தால் சத்தம் இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசிக்கொள்வோம். அந்தப் பழக்கத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. அவள் நல்ல சிரிப்புக்காரி.

காதுகூடப் பரவாயில்லை என்று அம்மா நினைத்திருப்பாள். பதினைந்து முடிந்தது, பதினாறு முடிந்தது, அக்கா பெரியவளாகவில்லை. லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு அது எப்படிப்பட்ட விஷயம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். யார் தலைக்கு ஊற்றினார்கள், யார் ஊற்றவில்லை என்பது கொடியில் காயும் துணியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கொழுந்து எடுக்கும் மலையில், நிரைக்கு நிரை, "என்னக்கா, மூத்தவளுக்கு இன்னும் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அப்படிப்பட்ட பெண்ணைக் குறிக்க ஒரு சொல் இருக்கிறது. அதை நான் எழுதப் போவதில்லை. அம்மா மாரியம்மனுக்கு நேர்ந்தாள், கஷாயம் கொடுத்தாள், நல்லெண்ணெய் கொடுத்தாள். அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருகிற மனிதர். எல்லாவற்றையும் அம்மாவே தலையில் சுமந்தாள். நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டத்தில் மாமா இருந்தார். அவருடைய மகனுக்குத்தான் அக்கா என்று அவள் பிறந்த அன்றே பேசி வைத்திருந்தார்கள். மாமா நல்ல மனிதர், தங்கச்சி மகள் செவிடானாலும் பரவாயில்லை என்றவர். ஆனால் பெரியவளாகாத பெண்ணை யார்தான் எடுப்பார்கள்?

அந்த நேரத்தில்தான் எனக்கு வந்தது. பதின்மூன்று வயது. பயந்துபோய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். அடுப்புக்கு முன்னால் குந்தி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த அக்கா, எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, என்ன என்று கேட்டாள், வழக்கம்போல உரக்க. அம்மா அவள் வாயைப் பொத்தினாள்.

"இங்க பாரு," என்று என்னிடம் சொன்னாள், "மூத்தவ நிக்கையில எளையவ ஒக்காந்தான்னா அவ வாழ்க்கை முடிஞ்சுச்சு. ஒனக்கு ஆறு மாசம் கழிச்சு வச்சுக்கலாம். இது அவளோடதா இருக்கட்டும். வாயத் தொறந்த, நாக்க இழுத்து வச்சு அறுத்துருவேன்."

அன்று மாலையே பக்கத்துக் காம்பிராப் பெண்களைக் கூப்பிட்டுத் துணியைக் காட்டினாள். அது என் துணி. அக்காவை மூலையில் சேலை கட்டி மறைத்து உட்கார வைத்தாள். மாமாவுக்கு ஆள் போயிற்று. மாமா பழத்தட்டோடும் பட்டுப் பாவாடையோடும் தேங்காயோடும் வந்து இறங்கியபோது அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன். அம்மா அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த அழுகையில் பொய் இல்லை. இருந்த பொய் எல்லாம் மூலையில் சேலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது.

சடங்குப் பெண்ணுக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் உளுந்தங்களியும் கொடுப்பார்கள், இடுப்பு பலப்பட. அம்மா அக்காவுக்குத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டுப் போவாள். அக்கா மறைப்புக்குப் பின்னாலிருந்து கையை நீட்டி என் பாவாடையைப் பிடித்து இழுப்பாள். உள்ளே போனால் முட்டையை என் வாயில் ஊற்றுவாள். களியில் பாதிக்குமேல் எனக்குத்தான். உதட்டை மட்டும் அசைத்து, "ஒனக்குத்தான்டி இது வேணும், முழுங்கு," என்பாள். நாற்றம் தாங்காமல் நான் முகத்தைச் சுளித்தால் வயிறு குலுங்கச் சிரிப்பாள். பெண்கள் வெளியே, புள்ளைக்குச் சந்தோஷத்தைப் பாரு என்று பேசிக்கொள்வார்கள். அவளுக்கு எல்லாம் தெரியும். தான் எதற்காக அந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

என் சடங்கு அடுத்த சித்திரையில் நடந்தது. அதற்குள் எனக்கு எல்லாம் பழகிப்போயிருந்தது. அக்காவுக்குப் பதினெட்டு முடிந்ததும் கல்யாணம். நல்லதண்ணிக்குப் போனாள். அங்கே மாமா வீட்டில் எல்லோரும் தோட்ட வேலை. பக்கத்திலுள்ள புனித மலைக்குப் பக்தர்கள் ஏறும் பருவத்தில் மட்டும் பாதையோரத்தில் ஒரு சின்னக் கடை போடுவார்கள். மச்சான் அவளை ஆரம்பத்தில் நன்றாகத்தான் வைத்திருந்தார். பிள்ளை பிறக்கவில்லை. மூன்றாவது வருடம் அத்தை முகம் மாறிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டலாம் என்று முடிவாயிற்று. அத்தையும் அம்மாவும் வந்தார்கள். அக்காவுக்குக் காதாக நான் போனேன்.

பெண் டொக்டர். சிங்களத்தில் கேட்டார். நான் அக்காவின் முகத்துக்கு நேரே நின்று, வாயைத் திறந்து திறந்து தமிழில் சொன்னேன். முதல் கேள்வியே அதுதான்: எத்தனை வயதில் வந்தது, இப்போது ஒழுங்காக வருகிறதா? அக்கா என்னைத் தாண்டி அம்மாவைப் பார்த்தாள். அம்மா சேலை முந்தானையைச் சுருட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள். பக்கத்தில் அத்தை. வரவே இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த டொக்டருக்கு எல்லாம் விளங்கியிருக்கும். காது கேளாமையையும் இதையும் சேர்த்துப் பார்த்து என்ன நோய் என்றுகூட யோசித்திருப்பார். அக்கா சொன்னாள், அறை முழுக்கக் கேட்கும்படி: "பதினேழுல வந்துச்சு. கல்யாணத்துக்கு முந்தியே நின்னு போச்சு."

டொக்டர் கண்டிக்குப் போய் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். யாரும் கூட்டிப் போகவில்லை. அத்தைக்கு அந்த ஒரு பதில் போதுமாக இருந்தது. வந்தது ஏன் நின்றது? தானாக நிற்குமா? கல்யாணத்துக்கு முன்னால் எவனிடமோ ஏமாந்து, வயிற்றைக் கழுவ எதையோ குடித்திருக்கிறாள், அதில் கருப்பை வெந்துபோயிற்று என்று பேச்சுக் கிளம்பியது. காது கேட்காத பெண்ணை எவனும் ஏமாற்றலாம்தானே என்று அதற்கு இரக்கம் வேறு பட்டார்கள். அட சண்டாளிகளே! அவளைக் காப்பாற்ற அம்மா சொன்ன பொய், அவளைத் தீர்த்துக்கட்டும் சாட்சியாக நின்றது. தோட்டத் தலைவர் வீட்டு இஸ்தோப்பில் கூட்டம் கூடிப் பேசித் தீர்த்தார்கள். மச்சானுக்கு வேறு பெண் பார்ப்பது, இவள் தாய்வீட்டுக்குப் போவது. அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து, பேசுகிறவர்களின் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பொறுக்க முடியாமல் எழுந்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். கொழுந்து கிள்ளும் கை. பிடித்தால் விடாது.

மறுநாள் மலைத் தண்ணீர் வந்து விழும் பீலியில் குடம் பிடிக்கும்போது அவளோடு சண்டைக்குப் போனேன். சத்தமில்லாத சண்டை. தண்ணீர் குடத்தில் விழும் சத்தம் மட்டும்தான் வெளியே கேட்டிருக்கும்.

"சொல்லிரு அக்கா. ஒனக்கு வரவே இல்லைன்னு சொல்லிரு. பொறவியே அப்படித்தான்னு சொன்னா இந்தப் பழி போயிரும்ல?"

"சொன்னா? சடங்கு வச்சது பொய்யின்னு ஆகும். அம்மாவத் தோட்டமே காறித் துப்பும். அது தூக்குல தொங்கிரும். ஒன்னைய அப்பறம் எவன் கட்டுவான்?"

"எனக்கு எவனும் வேணாம்."

"வேணும். நீயாச்சும் புள்ளகுட்டியோட இரு." குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "விடுடி. பேசுறவங்க பேசிட்டுப் போறாங்க. எனக்கென்ன, காதா கேக்குது?"

அதன்பிறகு அவள் எங்கள் தோட்டத்திலேயே கொழுந்துக்குப் பேர் பதிந்தாள். காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடும் பெரட்டுக் களத்தில் போய் நின்று, மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஐயா எந்த மலை என்று கையைக் காட்டும் திசையைப் பார்த்துவிட்டு, படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு போய்விடுவாள். வேலையில் குறை சொல்ல முடியாது. யாரும் அவள் பக்கத்து நிரையில் நின்று பேசிக்கொண்டு பறிக்க மாட்டார்கள், பேசித்தான் என்ன பயன் என்று. அவள் சம்பாத்தியத்தில்தான் நான் ஹட்டனில் உயர்தரம் படித்தேன், பிறகு மேலே படித்தேன், நுவரெலியாவில் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்குக் கல்யாணமும் ஆனது, பிள்ளைகளும் உண்டு. அவள் கேட்டபடியே எல்லாம் நடந்தது. அவளைப் பற்றிய பேச்சு மட்டும் நிற்கவில்லை. கோயில் திருவிழாவில் மஞ்சள் குங்குமம் கொடுக்கும் தட்டு அவளுக்கு முன்னால் வந்ததும் கொஞ்சம் வேகமாகத் தாண்டிப் போகும். அதை அவள் பார்க்காதவள்போல இருப்பாள். கண்ணில் எதுவும் தப்பாத பெண் அவள்.

அவள் செத்தது குளவி கொட்டி. நான் வேலைக்குச் சேர்ந்து கொஞ்சக் காலம்தான் ஆகியிருந்தது. பாறைக்குப் பக்கத்து மரத்திலிருந்த பெரிய கூடு எப்படியோ கலைந்துவிட்டது. மேல் நிரையில் நின்றவர்கள் கத்திக்கொண்டு, கூடையைப் போட்டுவிட்டு, படங்கால் தலையை மூடிக்கொண்டு கீழே ஓடினார்கள். அக்கா முதுகைக் காட்டிக் குனிந்து கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தாள். அன்று அந்த மலையில் நின்ற ஒரு பெண், பிணத்தை வைத்திருந்த இடத்தில் என் காலைக் கட்டிக்கொண்டு சொன்னாள்: "கத்துனோம்மா. தொண்ட கிழியக் கத்துனோம். ஓடுற ஓட்டத்துல அவளுக்குக் காது கேக்காதுங்குறதே மறந்து போச்சு." கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். வழியிலேயே முடிந்துவிட்டது. முகம் வீங்கி, கண் மூடிக்கிடந்தது. அது அக்காதானா என்று இரண்டு தரம் பார்த்தேன். அத்தை நல்லதண்ணியிலிருந்து கோடித் துணியோடு வந்து, எல்லோரையும்விட உரக்க ஒப்பாரி வைத்தாள். கூட்டத்தில் யாரோ, பாவி செஞ்ச பாவத்துக்கு அனுபவிச்சிட்டா என்று சொன்னது என் காதில் விழுந்தது. எனக்குத்தான் காது நன்றாகக் கேட்குமே.

அம்மா அந்த வருடமே படுத்துவிட்டாள். கடைசிவரை ஒரே பேச்சு: "நான் சொன்ன பொய்யிதான் குளவியா வந்துச்சு." இல்லை அம்மா என்று சொல்ல எனக்கு அப்போது எதுவும் தெரியாது. அவளும் போன பிறகு அந்த ரகசியத்துக்கு நான் ஒருத்திதான் மிஞ்சினேன்.

இனி பூஞ்சை. எங்கள் ஆய்வுகூடத்தை நடத்துகிறவர் ஒரு சிங்களப் பேராசிரியை. நாங்கள் மேடம் என்போம். வாவிக்கரையில் சுற்றுலாக்காரரை ஏற்றிக்கொண்டு நடக்கும் மட்டக்குதிரைகளின் சாணத்தைப் பொறுக்கிவந்து, ஈரத்தாளில் வைத்து மூடி, அதில் முளைப்பவற்றிலிருந்து பொடோஸ்போரா என்ற பூஞ்சையைப் பிரித்தெடுக்கிறோம். கறுப்பாக, கடுகைவிடச் சிறிய குடுவைகள்போல முளைக்கும். அதன் விதையொன்றை எடுத்துக் கூழில் வைத்தால் வெள்ளை நூலாக விரிந்து முன்னேறும். நீண்ட கண்ணாடிக் குழாயில் ஒரு முனையில் வைத்துவிட்டால் மறுமுனையை நோக்கி நடக்கும். ஊரே ஸ்வெட்டர் போட்டு நடுங்கும், பூஞ்சைக் குழாய்களுக்கு மட்டும் சூடேற்றிய பெட்டிக்குள் கொழும்பு வெயில். ஒவ்வொரு நாளும் அது எதுவரை வந்திருக்கிறது என்று குழாயின் மேல் பேனாவால் கோடு போடுவேன். மற்றப் பூஞ்சைகள் தீனி இருக்கும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். இது அப்படி இல்லை. சில வாரம் ஓடும், பிறகு கோட்டுக்கும் கோட்டுக்கும் இடைவெளி குறையும், நுனி பழுப்பாகும், முன்னால் கூழ் நிறைய இருக்கும்போதே நின்று செத்துப்போகும். அதற்கு முதுமை உண்டு. அதனால்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

ஏன் சாகிறது என்பதை மேடம் எனக்குத் தேயிலையை வைத்துத்தான் சொன்னார். உயிரணுவுக்குள் மைட்டோகொண்ட்ரியா என்று சின்னச் சின்ன அடுப்புகள். உயிருக்கு வேண்டிய சூடும் சக்தியும் அங்கேதான். எரிகிற அடுப்பில் கரி படிவதுபோல அங்கேயுள்ள புரதங்கள் கெட்டுக்கொண்டே இருக்கும், மடிப்புக் குலையும், ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். கூடையிலிருந்து முற்றல் இலையைப் பொறுக்கி எறிகிற கணக்கப்பிள்ளைபோல, அங்கேயும் கெட்டதைப் பொறுக்கும் ஆட்கள் உண்டு. மடிப்புக் குலைந்ததைத் திரும்ப மடிக்கப் பார்ப்பவை சில. மடியாததை வெட்டிப் போடும் கத்தரிகள் சில. இந்தக் காவல் தளர்ந்தால் அடுப்பு அவியும், பூஞ்சை கிழடாகும். லோன் என்று ஒரு கத்தரி. அதைக் கூட்டிக் கொடுத்தால் பூஞ்சை நோயில்லாமல் நீண்ட நாள் வாழ்கிறது. எடுத்துவிட்டால் சீக்கிரம் சாகிறது. இதுவரை நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் கிளிப்-பி என்று இன்னொரு கத்தரி. அதை அடியோடு எடுத்துவிட்டால் சாக வேண்டிய பூஞ்சை சாகவில்லை. மற்றவை நின்ற இடத்தைத் தாண்டி, வெள்ளையாக, தெம்பாகப் போய்க்கொண்டே இருந்தது. அந்தக் குழாய்களில் கோடு போடுவது எனக்குப் பிடித்த வேலை. இந்தக் கத்தரி இல்லாவிட்டால் உயிரணு பழைய அடுப்புகளை முழுசாகவே விழுங்கிப் புதிது செய்துகொள்கிறது, அதனால் இருக்கலாம் என்றார் மேடம். வெளிநாட்டில் முன்பே கண்டதுதானாம். மனிதனுடைய அதே கத்தரியை அந்தப் பூஞ்சைக்குள் வைத்தால் மறுபடியும் பழைய குறுகிய ஆயுளுக்கே திரும்பிவிடுமாம். அவ்வளவுக்கு நம்முடையதும் அதனுடையதும் ஒன்று.

"அப்படியென்றால் மனிதரிடமிருந்தும் அதை எடுத்துவிட்டால் நீண்ட நாள் வாழலாமா, மேடம்?" என்று வேடிக்கையாகக் கேட்டேன்.

"ஐயோ, வேண்டாம்," என்றார் சிங்களத்தில், குழாயை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபடியே. "அது கெட்டுப் பிறக்கிறவர்கள் அபூர்வமாக இருக்கிறார்கள். சின்ன வயதிலேயே காது போய்விடும். பெண்ணாக இருந்தால் சூலகமும் வேலை செய்யாது. சிலர் பருவமே அடைவதில்லை."

கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். யாரிடமும் சொல்லாததை, எனக்குச் சொந்தமில்லாத மொழியில், சாண வாடையடிக்கும் அந்த அறையில் நின்று அவரிடம் சொன்னேன். துணி மாற்றியதிலிருந்து குளவி வரைக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, இதுதான் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது, இதே நிலையை உண்டாக்கும் வேறு கோளாறுகளும் இருக்கின்றன, அவளுடைய இரத்தம் இருந்தால்தான் பார்க்கலாம் என்றார். "அப்பாவும் அம்மாவும் சொந்தமா?" என்று கேட்டார். அத்தை மகன், மாமன் மகள் என்றேன். தலையாட்டினார். இரண்டு பக்கமும் ஒளிந்திருந்தது ஒரு பிள்ளையில் சேர்ந்துவிட்டால் அப்படி ஆகும். யார் குடித்த மருந்தும் இல்லை, யார் செய்த பாவமும் இல்லை. அன்றைக்குக் குழாய்களில் கோடு போட என்னால் முடியவில்லை. அந்தப் பூஞ்சைமேல் எனக்கு ஆத்திரம் வந்தது என்றால் நம்புவீர்களா? சாணத்தில் கிடக்கிற அற்பத்துக்கு அது இல்லாமல் போனால் ஆயுள் கூடுகிறது. என் அக்காவுக்கு அது இல்லாமல் போனதால் எதுவுமே மிஞ்சவில்லை.

ஆத்திரம் தணிந்ததும் ஒன்று தோன்றியது. இனி யாருக்காக இந்த ரகசியம்? அம்மா இல்லை. என்னைக் கட்டியவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அக்காவின் பெயரில் ஒட்டியிருக்கும் அழுக்கை நான் துடைக்காவிட்டால் வேறு யாரும் துடைக்கப் போவதில்லை. அந்தப் பேச்சைக் கிளப்பியது அத்தை. அவள் வாயாலேயே அதை இல்லை என்று சொல்ல வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, மலையேறும் பருவம் தொடங்கியதும் ஹட்டனில் நல்லதண்ணி பஸ் ஏறினேன்.

மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். மச்சான் இரண்டாவது மனைவியோடும் பிள்ளைகளோடும் கொழும்பில். அத்தை மட்டும் பாதையோரக் கடையில், மலையேறுபவர்களுக்குக் கம்பளித் தொப்பி விற்றுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிழவியாகிவிட்டாள். என்னைக் கண்டதும், "வாம்மா, என்ன வழி தெரிஞ்சுச்சா?" என்று முகமெல்லாம் சிரிப்பாக ஸ்டூலை இழுத்துப் போட்டாள். பக்கத்துக் கடையில் தேத்தண்ணிக்குச் சொன்னாள். நான் சுற்றி வளைக்கவில்லை. துணி என்னுடையது, அக்காவுக்கு வரவே இல்லை, அது ஒரு பிறவி நோயாக இருக்கும், காதும் அதனால்தான் போயிருக்கும், அது நம் இரண்டு குடும்ப இரத்தத்திலும் இருந்திருக்கலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பூஞ்சையைப் பற்றிக்கூடச் சொன்னேன். அத்தை தொப்பிகளை அடுக்கியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நோயின்னு இப்பத்தான் தெரியுது," என்றாள். "மத்தது தெரியும்."

"எது தெரியும்?"

"அவளுக்கு வரலைங்குறது. சடங்கன்னைக்கு நான்தானேம்மா தண்ணி ஊத்துனேன்? ஒடம்பப் பாத்தாத் தெரியாதா? ஒங்க மாமாதான் தங்கச்சி மகதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு. செவிட்டுப் புள்ள, நம்மள விட்டா யாரு எடுப்பான்னு நானும் வாய மூடிக்கிட்டேன். ஒங்க லயத்துப் பொம்பளைங்களுக்கும் தெரியும். ஒரு சொவத்துக்கு அந்தப் பக்கம் இருந்துக்கிட்டு இது தெரியாமயா குலவை போட்டாங்க?"

"அப்பறம் ஏன் அத்தை அப்படி ஒரு பேச்சப் பேசுனீங்க?"

"ஒம் மச்சான் வேற கட்டணும்னு நின்னான். தலைவர்கிட்ட ஒரு காரணம் சொல்லணும்ல? உள்ளதச் சொன்னா, தெரிஞ்சுதானே கட்டி வச்சீங்கன்னு எங்களையில்ல கேப்பாரு. அவளே ஆஸ்பத்திரியில வந்துச்சு, நின்னுச்சுன்னு சொல்லிட்டா. அதைப் புடிச்சுக்கிட்டோம்." தொப்பி ஒன்றை எடுத்து உதறி மடித்தாள். "அவ மறுத்து ஒரு வார்த்தை சொல்லுவான்னு பாத்தேன். சொல்லலையே."

"ஒங்களுக்கெல்லாம் தெரியும்ங்குறது அக்காவுக்குத் தெரியுமா அத்தை?"

தேத்தண்ணி வந்தது. அத்தை அதை வாங்கி என் கையில் கொடுத்தாள்.

"எப்படித் தெரியும்? அவகிட்ட எதுன்னாலும் கத்தித்தானே சொல்லணும். கத்துனா ஆம்பளைங்களுக்குக் கேட்டுருமேன்னு விட்டுட்டோம்."